மோட்டார் தரும் ஃபால்ட் கரண்ட்: எந்த மில்லிசெகண்டில் எவ்வளவு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 33/6.6 கே.வி., 20 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் 10 சதவீதம். 33 கே.வி. பக்கம் ஃபால்ட் லெவல், அதாவது ஷார்ட் சர்க்யூட் (ஃபால்ட்) ஆனால் கிரிட் தரக்கூடிய அளவு, 1000 எம்.வி.ஏ. 6.6 கே.வி. போர்டில் 1500 கிலோவாட், 4 போல் மோட்டார் நான்கு. அதே போர்டிலிருந்து 2000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு கிளம்புகின்றன. ஒவ்வொன்றின் கீழும் 1000 கிலோவாட் அளவுக்கு 415 வோல்ட் மோட்டார்கள். ஏற்கெனவே நிற்கும் பேனலின் ரேட்டிங் 20 கிலோ ஆம்பியர். ஃபால்ட் கரண்ட், மோட்டார்களை விட்டுவிட்டால் 16 கிலோ ஆம்பியர் என்கிறது சாஃப்ட்வேர், சேர்த்தால் 21 என்கிறது. ஃபால்ட் வந்ததும் மோட்டார் நின்றுவிடும்தானே, அதைச் சேர்க்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் 21 என்ற அந்த ஓர் எண்ணை 20 என்ற ரேட்டிங்கோடு நேராக வைத்து ஒப்பிட்டால் விடை தவறிப்போகும். மோட்டார் தரும் கரண்ட் வேகமாகத் தேய்வது. ஃபால்ட் தொடங்கி எத்தனையாவது மில்லிசெகண்டுக்கான கரண்ட் வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் அதற்கு ஒரு மதிப்புக் கொடுக்க முடியும்.

முதலில் 'மோட்டார் நின்றுவிடும்' என்ற எண்ணத்தைச் சரிசெய்துகொள்வோம். ஃபால்ட் வந்து 100 மில்லிசெகண்ட் ஆன பிறகும், பம்பையோ ஃபேனையோ சுழற்றிக்கொண்டிருந்த ரோட்டார் கிட்டத்தட்ட பழைய வேகத்திலேயேதான் சுற்றும். அதன் நிலைமம் அப்படிப்பட்டது. மாறுவது டெர்மினல் வோல்டேஜ். அது விழுந்த கணத்தில் ரோட்டாருக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் உடனே மறைந்துவிட முடியாது. ரோட்டார் பார்களில் கரண்ட் எழுந்து அந்த ஃப்ளக்ஸைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிடிபட்ட ஃப்ளக்ஸோடு ரோட்டார் சுற்றுவதால் ஸ்டேட்டரில் வோல்டேஜ் பிறக்கிறது, மோட்டார் ஜெனரேட்டராகிறது. சின்க்ரனஸ் மெஷினில் ஃபீல்டுக்குத் தனியே டிசி சப்ளை உண்டு, அதனால் கரண்ட் நீடிக்கும். இண்டக்ஷன் மோட்டாரில் அது கிடையாது. பார்களின் ரெசிஸ்டன்ஸில் ஃப்ளக்ஸ் கரைந்துபோகும். பெரிய மோட்டாரில் இந்தக் கரைவுக்கு சில சைக்கிள் ஆகும், சின்ன மோட்டாரில் ஓரிரு சைக்கிளில் ஆட்டம் முடிந்துவிடும். ரோட்டார் வேகத்தோடு சுற்றிக்கொண்டே இருக்க, கரண்ட் மட்டும் செத்துப்போகிறது.

தொடக்கக் கணத்தில் எவ்வளவு? மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது எந்த லீக்கேஜ் ரியாக்டன்ஸ் கரண்டைக் கட்டுப்படுத்துகிறதோ, ஃபால்ட்டின் முதல் கணத்திலும் ஏறத்தாழ அதேதான் கட்டுப்படுத்தும். அதனால் லாக்டு ரோட்டார் கரண்டே, அதாவது ரோட்டார் நின்ற நிலையில் முழு வோல்டேஜில் மோட்டார் இழுக்கும் கரண்டே, இங்கே அடிப்படை அளவு. ஷார்ட் சர்க்யூட் கணக்குக்கான சர்வதேச ஸ்டாண்டர்டு ஐஇசி 60909 (நம் ஐஎஸ் 13234 அதன் முன்னோடியைத் தழுவியது) சொல்லும் வழி: மோட்டாரின் ரேட்டட் வோல்டேஜின் வர்க்கத்தை ரேட்டட் கே.வி.ஏ.வால் வகுத்து, வந்ததை லாக்டு ரோட்டார் மடங்கால் மறுபடி வகுக்க வேண்டும். 1500 கிலோவாட் என்பது ஷாஃப்ட்டில் கிடைக்கும் பவர். எஃபிஷியன்சி 0.955, பவர் ஃபேக்டர் 0.88 என்று எடுத்தால் கே.வி.ஏ. 1785, ரேட்டட் கரண்ட் 156 ஆம்பியர். லாக்டு ரோட்டார் கரண்ட் 6 மடங்கு என்றால் இம்பீடன்ஸ் 4.07 ஓம். ஐஇசி பெருக்கச் சொல்லும் வோல்டேஜ் ஃபேக்டர் 1.1 சேர்வதால் ஒரு மோட்டாரின் தொடக்கப் பங்கு 6 மடங்காக இல்லாமல் 6.6 மடங்காகிறது: 1.03 கிலோ ஆம்பியர். நான்குக்கும் 4.12. கிரிட், டிரான்ஸ்ஃபார்மர் வழியே வருவது, டிரான்ஸ்ஃபார்மருக்கான திருத்தக் காரணியையும் சேர்த்து, 15.96. இரண்டு 415 வோல்ட் குழுக்களும் தங்கள் டிரான்ஸ்ஃபார்மர் வழியே மேலே தள்ளுவது சுமார் 1.0. கூட்டினால் 21.1. ஆக, உங்கள் சாஃப்ட்வேர் சொன்ன எண்ணில் தவறில்லை. அது ஃபால்ட் தொடங்கும் கணத்துக்குரிய ஆர்.எம்.எஸ். மதிப்பு, அவ்வளவுதான். பிரேக்கரின் 20 என்பதோ கான்டாக்ட் பிரியும் நேரத்துக்குரியது.

அந்த நேரத்துக்கு என்ன மிஞ்சும்? ரிலே, பிரேக்கர் மெக்கானிசம் இரண்டும் எடுக்கும் குறைந்தபட்ச நேரத்தை 0.05 செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஐஇசி இதற்கு இரண்டு குறைப்புக் காரணிகளைத் தருகிறது. ஒன்று மியூ: தொடக்கக் கரண்ட் ரேட்டட் கரண்டைப் போல் எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்தது, 6.6 மடங்குக்கு 0.78. இன்னொன்று க்யூ: ஒரு போல் ஜோடிக்கு எத்தனை மெகாவாட் என்பதைப் பொறுத்தது. 4 போல் என்றால் இரண்டு ஜோடி, ஜோடிக்கு 0.75 மெகாவாட், க்யூ 0.755. பெருக்கினால் 0.59. ஆக 4.12 என்பது 2.43 ஆகக் குறைகிறது. சின்ன மோட்டார் குழுக்களின் 1.0 வெறும் 0.36 ஆகிறது. மொத்தம் 18.75 கிலோ ஆம்பியர். 20 கிலோ ஆம்பியர் பிரேக்கர் இதை அறுக்கும். 0.1 செகண்ட் என்று எடுத்தால் பெரிய மோட்டார்களின் பங்கு 1.56 ஆக இன்னும் குறையும்.

இதோடு நிம்மதியாகிவிட வேண்டாம். பேனலில் 20 என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 50 என்று இன்னோர் எண் இருக்கும். அது மேக்கிங் திறன், அதாவது பீக் கரண்ட். 50 ஹெர்ட்ஸில் 20-இன் 2.5 மடங்கு. ஃபால்ட் இருப்பது தெரியாமல் பிரேக்கரை மூடினால், முதல் அரை சைக்கிளின் உச்சத்தை, அதாவது சுமார் பத்தாவது மில்லிசெகண்டில் வரும் அந்த அடியை, கான்டாக்ட்களும் பஸ்பார் (எல்லா ஃபீடரும் இணையும் பொதுக் கடத்தி) சப்போர்ட்களும் தாங்க வேண்டும். மோட்டார் தன் முழு பலத்தோடு இருப்பது சரியாக அந்த நேரத்தில்தான். கிரிட் பக்கம் ஆர்/எக்ஸ், அதாவது ரெசிஸ்டன்ஸுக்கும் ரியாக்டன்ஸுக்கும் உள்ள விகிதம், 0.07 என்று வைத்தால் பீக் 41. மோட்டார்களுக்கு, ஜோடிக்கு 1 மெகாவாட்டுக்குக் குறைவு என்பதால் ஆர்/எக்ஸ் 0.15, கப்பா (டிசி பகுதியால் உச்சம் எத்தனை மடங்கு உயரும் என்ற காரணி) 1.65, நான்கு மோட்டார்களின் பீக் 9.6. 415 வோல்ட் குழுக்கள் 1.9. மொத்தம் 52.5. ரேட்டிங்கை மீறிவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஆர்/எக்ஸ் 0.05 என்று இருந்தால் 53.6 வரை ஏறும். அப்போது கிரிட் பக்க டிசி டைம் கான்ஸ்டன்ட்டும் (ஃபால்ட் கரண்டின் டிசி பகுதி எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்பதன் அளவு) 64 மில்லிசெகண்ட் ஆகிவிடும். பிரேக்கர்கள் வழக்கமாக 45 மில்லிசெகண்டுக்கு டெஸ்ட் செய்யப்பட்டவை என்பதால் அறுக்கும் திறனையும் அப்போது மறுபடி பார்க்க வேண்டும். மோட்டாரே இல்லாமல் கணக்குப் போட்டிருந்தால் 41 என்று எழுதி, ஒன்பது கிலோ ஆம்பியர் கையில் இருப்பதாக நினைத்துக் கையெழுத்துப் போட்டிருப்போம். மோட்டார் சேர்க்கப்படாத ஸ்டடிகளில் பெரும்பாலும் அடிபடுவது இந்த இடம்தான்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால், 52.5 என்பது பஸ்பாரில் வரும் மொத்தம். ஒவ்வொரு பிரேக்கர் வழியாகவும் இந்த மொத்தம் ஓடுவதில்லை. ஒரு மோட்டாரின் கேபிளில் ஃபால்ட் இருக்கும்போது அதன் பிரேக்கரை மூடினால், அந்த மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கவில்லை; மற்ற மூன்றுதான் கரண்ட் தரும். பீக் 50.1. 2000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஃபீடரை மூடும்போது நான்கு பெரிய மோட்டார்களும், எதிர் டிரான்ஸ்ஃபார்மரின் 415 வோல்ட் குழுவும் சேரும்: 51.5. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போர்டுக்குச் சப்ளை தரும் இன்கமர் பிரேக்கர் செத்த பஸ்ஸை எழுப்பும்போது மோட்டார் எதுவும் ஓடாது, ஆகவே 41 மட்டும். சாஃப்ட்வேரில் பஸ் ஃபால்ட் மொத்தத்தை எல்லா பிரேக்கருக்கும் பொதுவாக ஒப்பிடும் அமைப்பு இருந்தால் அதை மாற்றி, ஒவ்வொரு பிரேக்கருக்கும் அதன் மோசமான பக்கத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஆனால் பஸ்பாருக்கு இந்தச் சலுகை கிடையாது. பஸ்பாரின் பீக் தாங்கும் திறன் 50 என்றால் அதற்கு எதிராக நிற்பது 52.5 முழுவதும்தான்.

இந்த மீறல் சின்னது என்பதால், மோட்டார் விவரங்களைச் சரியாகப் பிடிப்பதே முதல் வேலை. ஐஇசியின் ஃபார்முலா எளிது, அதில் போடும் எண்களில்தான் பிழை நுழையும். 6 மடங்கு என்பது நான் வைத்தது. 6.6 கே.வி. மோட்டார்களை ஸ்டார்ட்டிங் கரண்ட் குறைவாக, 4.5 மடங்குக்குக் கூட கேட்டு வாங்குவதுண்டு. உங்களுடையது அப்படி இருந்தால் மொத்த பீக் 50.1. நான்கில் ஒன்று எப்போதும் ஸ்டாண்ட்பை, இன்டர்லாக் இருக்கிறது என்றால், 6 மடங்கிலேயும் அதே 50.1தான் வரும். இரண்டும் உண்மையானால் 48.3, ரேட்டிங்குக்குள் வந்துவிடும். இரண்டில் எதையும் ஊகத்தில் எடுக்காதீர்கள். ஸ்டாண்ட்பை மோட்டாரைக் கழிக்கலாம் என்று ஐஇசியே அனுமதிக்கிறது. ஆனால் மாற்றி ஓட்டும்போது இரண்டும் சில நிமிடம் ஒன்றாக ஓடினால் அது ஸ்டாண்ட்பை அல்ல. டேட்டாஷீட்டில் உள்ள லாக்டு ரோட்டார் கரண்டுக்கு 20 சதவீதம் வரை கூடுதல் டாலரன்ஸ் உண்டு. அது எழுதிய எண்ணுக்குள் அடங்கியதா, அதன் மேல் வருவதா என்று உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கையில் டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தால் டேட்டாஷீட்டை ஒதுக்கிவிட்டு அதையே எடுங்கள்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, கிலோவாட்டையே கே.வி.ஏ. என்று போட்டுவிடுவது. உங்கள் மோட்டாரில் இது பங்கை 16 சதவீதம் குறைத்துக் காட்டும். எஃபிஷியன்சியும் பவர் ஃபேக்டரும் மட்டமான சின்ன மோட்டாரில் இதைவிடவும் அதிகம். 415 வோல்ட் மோட்டாரின் இம்பீடன்ஸை, டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரியின் 433 வோல்ட் பேஸில் பர்யூனிட்டாக (அந்த அடிப்படை அளவின் பின்னமாக) மாற்றாமல் விட்டால் 8 சதவீதப் பிழை. பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு ஐஇ3 என்ற உயர் எஃபிஷியன்சி வகை வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கரண்ட் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். 7 அல்லது 8 மடங்கு அபூர்வமல்ல. பழைய ஸ்டடியின் 6 மடங்கை அப்படியே வைத்துக்கொண்டு புது மோட்டாரின் பெயரை மட்டும் மாற்றுவது சரியாகாது.

415 வோல்ட் மோட்டார்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டியதில்லை. கேபிளோடு சேர்த்து ஒரே மோட்டாராகக் கட்டலாம். தெளிவான விவரம் இல்லாதபோது ஐஇசி தருவது: லாக்டு ரோட்டார் 5 மடங்கு, ஆர்/எக்ஸ் 0.42, கப்பா 1.3, ஜோடிக்கு 0.05 மெகாவாட். இந்த 0.42-க்குள் இணைப்புக் கேபிளும் அடங்கிவிட்டது. அதன் மேல் கேபிளைத் தனியாக வரைந்தால் ஒன்றையே இரண்டு முறை எண்ணியதாகும். மொத்தப் பங்கு, மோட்டார் இல்லாத ஃபால்ட் கரண்டில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்ற விதியும் உண்டு. உங்கள் போர்டில் 16-க்கு 5 சதவீதம் 0.8, வருவது 1.0. எனவே விட முடியாது. 433 வோல்ட் போர்டிலோ இவை நேரடியாக இணைந்திருப்பதால் பங்கு இன்னும் பெரிது: குழுவின் ரேட்டட் கரண்ட் சுமார் 1740 ஆம்பியர், அதன் 5 மடங்கே 8.7 கிலோ ஆம்பியர். 50 கிலோ ஆம்பியர் போர்டு என்று நம்பி இதைச் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

இன்வெர்ட்டர் டிரைவ் வழியே ஓடும் மோட்டாரை என்ன செய்வது? உள்ளே வரும் பக்கம் வெறும் டையோடு ரெக்டிஃபயர் என்றால் பங்கு இல்லை, நீக்கிவிடுங்கள். பிரேக்கிங்கின்போது பவரைத் திருப்பி அனுப்பக்கூடிய டிரைவ் என்றால் ஐஇசி அதை லாக்டு ரோட்டார் 3 மடங்கு, ஆர்/எக்ஸ் 0.10 கொண்ட மோட்டாராக, தொடக்கக் கரண்டுக்கும் பீக்குக்கும் மட்டும் சேர்க்கச் சொல்கிறது. அறுக்கும் கரண்டில் சேர்ப்பதில்லை. சாஃப்ட் ஸ்டார்ட்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் பங்கு வராது என்று நினைத்து நீக்கிவிடுவார்கள். ஸ்டார்ட் ஆனதும் பைபாஸ் கான்டாக்டர் மூடிவிடும்; அதற்குப் பிறகு அது நேரடியாக லைனில் தொங்கும் சாதாரண மோட்டார்தான். டிரைவுக்கும் பைபாஸ் இருந்தால் இதே கதை.

அமெரிக்க முறையில் செய்த பழைய ரிப்போர்ட் உங்களிடம் இருந்தால் எண்கள் வேறுபடுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே கரைவை ரியாக்டன்ஸைப் பெருக்கிக் காட்டுவார்கள். 1800 ஆர்.பி.எம். அல்லது அதற்குக் கீழே ஓடும் 1000 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டாருக்கும், 3600 ஆர்.பி.எம்.-இல் ஓடும் 250 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டாருக்கும் முதல் சைக்கிளில் 1.0, அறுக்கும் நேரத்தில் 1.5. மற்றவற்றில் 50 குதிரைத்திறனுக்கு மேல் 1.2, பிறகு 3.0. அதற்கும் சின்னதுக்கு முதல் சைக்கிளில் 1.67, அறுக்கும் கணக்கில் இல்லவே இல்லை. உங்கள் 1500 கிலோவாட் மோட்டாருக்கு இந்த வழியில் அறுக்கும் நேரப் பங்கு 6-ஐ 1.5-ஆல் வகுத்த 4 மடங்கு. ஐஇசி வழியில் 6.6-ஐ 0.59-ஆல் பெருக்கிய 3.9 மடங்கு. இரண்டு பாதைகளும் இவ்வளவு கிட்டே வந்து சேர்வது மனதுக்குத் தெம்பு தருகிறது. ஆனால் ஒரே ஸ்டடியில் இரண்டையும் கலக்கக் கூடாது: பிரேக்கர் எந்த ஸ்டாண்டர்டுக்கு டெஸ்ட் ஆனதோ அந்த வழியிலேயே கணக்கும் இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது தோராயம்? மோட்டார் பங்கு உண்டு என்பதும், பீக்கில் அதிகம், அறுக்கும் நேரத்தில் குறைவு, மூன்று ஃபேஸ் டெர்மினல் ஃபால்ட்டில் கடைசியில் பூஜ்யம் என்பதும் உறுதி. லாக்டு ரோட்டார் ரியாக்டன்ஸும் ஃபால்ட் கண ரியாக்டன்ஸும் ஒன்றே என்பது தோராயம். டீப் பார், டபுள் கேஜ் ரோட்டார்களில், நின்ற நிலையில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் பார்களின் மேற்பகுதியில் நெருங்கி ஓடும். ஓடும் ரோட்டாரில் ஃப்ளக்ஸ் கரையும்போது கரண்ட் படிப்படியாக பார் முழுவதும் பரவும். லீக்கேஜ் பாதைகளின் சாச்சுரேஷனும் இரண்டு நிலையிலும் ஒன்றாக இருக்காது. பல மூலங்களின் பீக்குகளை நேராகக் கூட்டுவதும் சற்று மிகைதான், ஏனென்றால் எல்லா உச்சமும் ஒரே கணத்தில் வருவதில்லை. அதனால் 52.5 என்பதில் அந்த .5-க்கு உயிரைக் கொடுக்காதீர்கள். ரேட்டிங்கைச் சுற்றி ஓரிரு சதவீதத்தில் நிற்கும்போது, ஈக்விவலன்ட் சர்க்யூட் விவரங்களை வாங்கி டைம் டொமைன் சிமுலேஷன் செய்வது நியாயம். கணக்கு 'தோராயம்தானே' என்று சொல்லி மீறலைக் கண்டுகொள்ளாமல் விடுவது நியாயமில்லை. பேனல் கதவுக்கு முன்னால் ஆள் நிற்கிறார்.

விவரங்களைச் சேர்த்த பிறகும் 50-ஐத் தாண்டினால் என்ன வழி? பேனல் உற்பத்தியாளரிடம் டைப் டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள். பெயர்ப்பலகையில் 20/50 என்றிருந்தாலும் அதே டிசைன் 25/62.5-க்கு டெஸ்ட் ஆகியிருக்கலாம். அப்படி எழுத்தில் தந்தால் பிரச்சினை முடிந்தது. இல்லையென்றால் இன்கமரில் ரியாக்டர் வைக்கலாம், மோட்டார்களை இரண்டு பஸ் செக்ஷனாகப் பிரித்து அவற்றை இணைக்கும் கப்ளர் பிரேக்கரைத் திறந்து வைக்கலாம், அல்லது டிரான்ஸ்ஃபார்மரை மாற்றும் திட்டம் இருந்தால் 12.5 சதவீதம் கேட்கலாம். இம்பீடன்ஸ் கூடினால் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இறக்கமும் கூடும், அதையும் உடனே பார்க்க வேண்டும்.

ரிலே செட்டிங்குக்கு இதே ஃபைலைத் திறக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். குறைந்தபட்ச ஃபால்ட் கரண்ட் கணக்கில் மோட்டார்கள் எல்லாம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். சேர்த்துவிட்டால் பேக்கப் ரிலே எடுக்குமா என்ற கேள்விக்குத் தவறான தைரியம் கிடைக்கும். ஆர்க் ஃபிளாஷ் (ஃபால்ட் ஆர்க்கிலிருந்து வெளியே பாயும் வெப்ப எனர்ஜி) கணக்கையும் மோட்டாரோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள், ஏனென்றால் கரண்ட் குறையும்போது ரிலே தாமதித்து எனர்ஜி கூடிவிடும் சந்தர்ப்பம் உண்டு. இரண்டாவது, மோட்டார் ஃபீடரின் உடனடி ஓவர்கரண்ட். பக்கத்து ஃபீடரில் ஃபால்ட் வந்தால் நல்ல மோட்டாரிலிருந்து 1.03 கிலோ ஆம்பியர், டிசி ஆஃப்செட்டோடு, வெளியே பாயும். செட்டிங் லாக்டு ரோட்டார் கரண்டை ஒட்டியே இருந்தால் அந்த நல்ல மோட்டாரும் சேர்ந்து ட்ரிப் ஆகும். எர்த் ஃபால்ட் எலிமென்ட்டில் இந்தக் கவலை இல்லை: மோட்டாரின் ஸ்டார் பாயின்ட் எர்த் செய்யப்படுவதில்லை, எனவே ஜீரோ சீக்வன்ஸில், அதாவது எர்த் வழியே திரும்பும் கரண்டுக்கு, மோட்டார் திறந்த சுற்று. மாடலில் அந்த இம்பீடன்ஸுக்கு ஏதாவது ஓர் எண் உட்கார்ந்திருந்தால் அதை அழித்துவிட்டு, எர்த்திங்கை 'இல்லை' என்று வையுங்கள்.